புகாருக்கும் உத்தரவுக்கும் நடுவில் அவள் எங்கே போவாள்?

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்டங்களில் பணியில் இருக்கும் சமூக நல அலுவலர்கள், பாதுகாப்பு அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சட்டம் படித்தவள் இல்லை, எந்த அமைப்பிலும் பொறுப்பில் இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா, பள்ளி விட்ட பிறகு வந்து வராந்தாவில் நின்றார். "டீச்சர், ஸ்டேஷனுக்குத் தனியாப் போனா உட்காருன்னுகூடச் சொல்ல மாட்டாங்க. கூட வர்றீங்களா?" என்று கேட்டார். போனேன். அப்புறம் அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர் என்று, வீட்டில் அடி வாங்கும் பெண்களோடு காவல் நிலையம், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று துணைக்குப் போவது என் வாழ்க்கையில் ஒரு பாதியாகிவிட்டது. அந்த நடையில் கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு துணிப்பை. சமீபத்தில் என்னிடம் வந்த ஒரு பெண் அதை மடியில் வைத்துக்கொண்டே பேசினார், கீழே வைக்கவே இல்லை. பேசி முடித்து, அழுது முடித்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் அதைத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுகள் மூன்று, மூன்றும் வெவ்வேறு வருஷம். இரண்டு வெள்ளைத் தாள்களில் கணவர் கைப்பட எழுதியது: "இனிமேல் குடித்துவிட்டு வந்து தகராறு செய்ய மாட்டேன், மனைவியை அடிக்க மாட்டேன்." கீழே இரண்டு தரப்புப் பெரியவர்களின் சாட்சிக் கையெழுத்து. முதல் தாளில் இருந்த அதே வாசகம்தான் இரண்டாவதிலும். கூடவே, ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிவு செய்து தரும் ஏ.ஆர். காப்பி ஒன்று. காயத்தின் நீளம், அகலம் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கிறது. காயம் எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில், "வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்." அப்போது யார் பக்கத்தில் நின்றார்கள் என்று கேட்டேன். மாமியார் என்றார்.

ஆறு வருஷத்துத் தாள்கள் அவை. ஒன்றில்கூட "பாதுகாப்பு அலுவலர்" என்ற சொல் இல்லை. வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவச் சட்டப்படி இப்படி ஓர் அலுவலர் இருக்கிறார் என்றே அவருக்குத் தெரியவில்லை. மூன்று முறை புகார் கொடுக்கப் போயிருக்கிறார், ஒரு முறைகூட யாரும் சொல்லவில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் இருந்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, கொடுமை செய்யும் கணவனை ஜெயிலுக்கு அனுப்ப வழி சொன்னதே தவிர, அன்றைக்கு ராத்திரி அவள் எங்கே படுப்பாள் என்று கேட்கவில்லை. இந்தச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. அடிக்காதே என்று உத்தரவு போடலாம். வீட்டை விட்டு அவளை வெளியே தள்ளாதே என்று உத்தரவு போடலாம். செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். அடி மட்டும் வன்முறை இல்லை. கேவலமாகப் பேசுவது, பாலியல் கொடுமை, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் பட்டினி போடுவது, இதெல்லாமும் வன்முறைதான் என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது.

இதற்கு நாள் கணக்கும் போட்டிருக்கிறது சட்டம். மனு கொடுத்தால் பொதுவாக 3 நாளுக்குள் முதல் விசாரணை. எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர 2 நாள், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பு பாதுகாப்பு அலுவலருக்கு. முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும். அதுவரை பொறுக்க முடியாது என்றால் 23-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் எதிர்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு போடலாம். இந்த நாள் கணக்கை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என்னோடு வரும் பெண்களிடம் அதைக் காட்டுவதை இப்போது நிறுத்திவிட்டேன். காட்டினால் அவர்கள் நம்பிவிடுகிறார்கள், 61-ஆம் நாள் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இந்தக் கணக்கு முழுக்கவும் ஒரே ஓர் ஆளை நம்பி இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு அலுவலர்தான், வீட்டில் என்ன நடந்தது என்று கோர்ட்டுக்குச் சொல்லும் வீட்டுச் சம்பவ அறிக்கையை எழுத வேண்டும். இலவச சட்ட உதவிக்கு வழி செய்ய வேண்டும். தங்க இடம் பார்க்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நோட்டீஸ் சேர்க்க வேண்டும். ஜீவனாம்ச உத்தரவு நடக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அறிக்கை இல்லாமலும் நேரே கோர்ட்டில் மனு போடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது உண்மைதான். ஆனால் வக்கீலுக்குப் பணமில்லாத, கோர்ட் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு அலுவலர் இல்லையென்றால் இந்தச் சட்டமே இல்லாத மாதிரிதான்.

எங்கள் பக்கத்தில் அந்த அலுவலரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். நான் போன அன்றைக்கு அவர் இல்லை, மீட்டிங்குக்குப் போயிருந்தார். மறுமுறை இருந்தார். நல்ல மனுஷி. எங்களை உட்காரவைத்து, தானே தண்ணீர் எடுத்துக் கொடுத்து, படிவத்தைத் தானே நிரப்பினார். நடுவில் நான்கு முறை போன் வந்தது. ஒன்று, ஏதோ ஊரில் மறுநாள் காலையில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணம் பற்றியது. எழுந்து போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதும் சமூக நலத் துறையின் வேலைதானே, அதை எப்படி விடச் சொல்வது? அவரிடம் நோட்டீஸ் கொண்டுபோக வண்டி கிடையாது. உதவிக்கு ஆள் கிடையாது. கடமையைச் செய்யாத பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்று 33-ஆம் பிரிவு சொல்கிறது. ஆளையும் வண்டியையும் கொடுக்காதவர்களுக்கு என்ன என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அவரைப் போல இன்னும் பல பேர் வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது: மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரத்துக்குள் அடையாளம் கண்டு நியமிக்க வேண்டும். தாலுகா அளவில் என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. ஏற்கெனவே நான்கு வேலை பார்க்கும் ஒருவர் தலையில் ஐந்தாவதாக இதையும் "கூடுதல் பொறுப்பு" என்று வைத்துவிட்டு, நியமித்தாயிற்று என்று பதில் மனு போட்டுவிடலாம். பெயர்ப்பலகை மாட்டுவது வேறு, நாற்காலியில் ஆள் உட்காருவது வேறு. தாலுகாவுக்கு ஒருவர், இந்த வேலை மட்டுமே பார்ப்பவர், ஒப்பந்தம் எப்போது முடியும் என்ற கவலை இல்லாதவர் வேண்டும். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் காவல் நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் எழுதிப் போட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைத் தனியாக அழைத்துக் கேட்டால், ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்வது வாத்தியார்தான். குடும்ப வன்முறை நடப்பதாக யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது என்று நான்காம் பிரிவு சொல்கிறது. நான் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு பயிற்சி வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்திருந்தால் சில பிள்ளைகளின் விஷயத்தில் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்தது கவுன்சிலிங். அனைத்து மகளிர் காவல் நிலையத்தை 1992-லேயே தொடங்கிய மாநிலம் நம்முடையது. பெண் போலீஸ் இருக்கிறார் என்ற ஒரே தைரியத்தில் படியேறி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் இதுதான்: இரண்டு தரப்பையும் வரச் சொல்வார்கள், எதிரெதிரே நிற்க வைப்பார்கள். "நீ என்ன பண்ணே, அவர் ஏன் அடிச்சார்?" என்று அவளிடம்தான் முதல் கேள்வி வரும். பிள்ளைகளை நினைத்துப் பார் என்பார்கள். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு ராத்திரி புகார் கொடுத்ததற்காகவே விழும் அடி இருக்கிறதே, அது எந்த ரசீதிலும் பதிவாவதில்லை.

சட்டத்தின் ஐந்தாம் பிரிவு போலீஸுக்குக் கொடுத்த வேலை இது இல்லை. உனக்கு இந்தச் சட்டத்தில் மனு போட உரிமை இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வக்கீல் கிடைப்பார், கிரிமினல் புகாரும் கொடுக்கலாம் என்று சொல்வதுதான் அந்தப் பிரிவு சொல்லும் கடமை. கவுன்சிலிங்குக்கு அனுப்பும் அதிகாரத்தை 14-ஆம் பிரிவு மாஜிஸ்திரேட்டுக்குத்தான் கொடுத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அந்தக் கவுன்சிலிங்கில் எதிர்தரப்பு தான் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க அனுமதிக்கக் கூடாது என்கின்றன. அதாவது "ஏன் அடித்தார்" என்ற கேள்வியே அங்கே எழக் கூடாது. இந்த ஒரு வரியை எல்லா மகளிர் காவல் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டச் சொல்லி, உள்துறையோடு பேசி உங்கள் துறை ஒரு சுற்றறிக்கை வாங்கித் தர வேண்டும். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், நிதியும் பெரிதாக வேண்டாம்.

ஆஸ்பத்திரி விஷயமும் இப்படித்தான். சிகிச்சை தர மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் மட்டும் ஒரு நிமிஷம் கேட்டிருந்தால், "வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்" என்ற வரி அந்தத் தாளில் வந்திருக்காது. இப்போது அந்த வரியை எதிர்தரப்பு வக்கீல் கோர்ட்டில் சத்தமாக வாசிக்கிறார்.

சரி, ஒரு பெண் துணிந்து கிளம்பிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். கையில் ஒரு பை, இரண்டு பிள்ளைகள். எங்கே போவாள்? வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் இருக்கின்றன. அங்கே தற்காலிகமாகத் தங்கலாம், 5 நாள் வரை என்பது திட்டத்தின் கணக்கு. 60 நாளில் முடிய வேண்டிய வழக்குக்கு 5 நாள் கூரை. அதற்குப் பிறகு நீண்ட நாள் தங்கும் இல்லம். அங்கே மகளோடு போகலாம். மகனுக்கு வயது வரம்பு இருக்கிறது. நான் கூட்டிப்போன ஒரு பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் பையன். "பையனை உள்ளே சேர்க்க முடியாதும்மா, சொந்தக்காரங்க வீட்டில் விடுங்க" என்றார்கள். சொந்தக்காரர்கள் என்றால் அப்பாவின் ஆட்கள்தான். அம்மாவை அடிக்க வந்த கையைப் பிடித்துத் தடுத்தவன் அந்தப் பையன். அவனை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பு என்று ஒரு தாயிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அவளும் அவனோடு திரும்பிப் போனாள். அந்த வாசலில், அவர்களோடு நின்ற அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

விடுதியின் மற்ற பெண்களுக்காகத்தான் அந்த விதி என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வளர்ந்த மகனோடு வரும் தாய்க்குத் தனி அறை, இல்லையென்றால் சில மாத வாடகை, இரண்டில் ஒன்றுக்கு வழி வேண்டும். சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அதே தரத்தில் மாற்று வீடு பார்த்துத் தரவோ வாடகை கட்டவோ கணவனுக்கு உத்தரவிடலாம் என்கிறது. உத்தரவு வரும்வரை அந்த வாடகையை அரசு முன்பணமாகக் கொடுத்து, பிறகு அவனிடம் வசூலிக்கட்டும். அரசால் வசூலிக்க முடியும், அவளால் முடியாது. இடம் மாறினால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். டி.சி. வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்கும் பள்ளிகளை இன்னும் பார்க்கிறேன்.

இன்னொன்று. "வீடு எங்க அம்மா பேரில் இருக்கு, அவளுக்கு இங்கே என்ன உரிமை?" என்று ஸ்டேஷனில் கணவர்கள் கேட்கிறார்கள், பல நேரம் யாரும் பதில் சொல்வதில்லை. 2006-இல் வந்த ஒரு தீர்ப்பு அப்படித்தான் இருந்தது, அதை வைத்துப் பல வருஷம் பெண்களை வெளியே அனுப்பினார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான், அங்கே தங்க உரிமை கேட்கலாம். தீர்ப்பு மாறியது கோர்ட்டுக்குத் தெரியும். மகளிர் காவல் நிலையத்துக்கும் தெரிய வேண்டும்.

கோர்ட்டில் ஜெயித்த பிறகும் ஓர் இடைவெளி இருக்கிறது, அது சட்டத்திலேயே இருக்கிறது. அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-ஆம் பிரிவின்படி ஒரு வருஷம் வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆனால் அந்தப் பிரிவு பாதுகாப்பு உத்தரவைத்தான் சொல்கிறது, ஜீவனாம்சத்தைச் சொல்லவில்லை. மாதா மாதம் கொடு என்று உத்தரவு போட்ட பணத்தை அவன் கொடுக்காவிட்டால், அவள் மறுபடியும் மனு போட்டு, மறுபடியும் வாய்தாவுக்கு அலைய வேண்டும். பஸ் செலவுக்கு அவள் எங்கே போவாள்? கூலி வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. இதை மாற்ற நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும் என்பது தெரியும். மனைவியை வற்புறுத்திப் புணர்வது குற்றமில்லை என்ற விலக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறதே, அதற்கும் அதே இடம்தான். அதனால் இரண்டையும் இங்கே விரித்து எழுதவில்லை. ஒன்றிய அரசுக்கு எழுதும்போது இந்த இரண்டையும் தமிழ்நாட்டின் கோரிக்கையாக வையுங்கள்.

"பெண்கள் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று உடனே சொல்வார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனால் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் 29 சதவீதம். வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாட்டளவில் 14 சதவீதம்தான். அந்த உதவியும் பெரும்பாலும் பிறந்த வீட்டில் கேட்டதுதான். என்னிடம் வந்தவர்களில் முதல் அடியோடு வந்தவர் ஒருவர்கூட இல்லை.

செய்தித்தாளில் அடிக்கடி ஒரு வரி வரும், நீங்களும் படித்திருப்பீர்கள்: "திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது." இளம்பெண் செத்துப்போனால் கோட்டாட்சியரே வருகிறார். வீட்டைப் பார்க்கிறார், அக்கம்பக்கத்தாரை விசாரிக்கிறார், அம்மா அப்பாவின் வாக்குமூலம் வாங்குகிறார். அது வேண்டும்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டு வாசலுக்கு அரசாங்கத்திலிருந்து ஒருவர் வருவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவள் உயிரோடு இருந்தபோது, மூன்றாவது சி.எஸ்.ஆர். வாங்கிய அன்றைக்கு ஒருவர் வந்து அதே திண்ணையில் உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டிருக்கலாமே. அதற்காகத்தானே பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியைச் சட்டம் உண்டாக்கியது.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு தாலுகாவிலும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை அறிக்கைகள் கோர்ட்டுக்குப் போயின, நோட்டீஸ் சேர எத்தனை நாள் ஆனது, இடைக்கால உத்தரவு எத்தனை நாளில் வந்தது, தங்க இடம் கேட்டவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்ற கணக்கை, பெயர் விவரம் எதுவும் இல்லாமல், மாதா மாதம் துறையே வெளியிட வேண்டும். திரும்பிப் போனவர்களின் கணக்குதான் எனக்கு முக்கியம். அதை இன்றைக்கு எந்த நோட்டுப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை.

துணிப்பையோடு வந்தாரே, அவருக்கு இப்போது மனு போட்டிருக்கிறோம். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்திருக்கிறார், அக்கறையாகப் பார்க்கிறார். இரண்டு வாய்தா போய்விட்டது. நோட்டீஸ் இன்னும் கணவருக்குப் போய்ச் சேரவில்லை, வீடு பூட்டியிருந்தது என்று எழுதித் திரும்பி வந்திருக்கிறது. அந்த வீடு பூட்டியில்லை. காலையில் ஏழு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் அவர் கணவர் அங்கேதான் இருக்கிறார், தெருவே பார்க்கிறது. அடுத்த வாய்தாவுக்குள் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வண்டிச் செலவை வேண்டுமானால் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
துணைக்குப் போகும் ஒரு டீச்சர்